மீன் ஆபீஸ் பெரியவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

மார்ச் 2, 2024, கேள்வி

அண்ணே, துவாலு நாட்டில் இந்த வாரம் பிரதமர் ஆகியிருக்கும் ஃபெலெட்டி தியோ முன்பு ஒரு சூரை மீன் ஆணையத்தின் தலைமை அதிகாரியாக இருந்தவராம். இந்த மாதிரி மீன் அமைப்புகளில் அந்த நாற்காலி, பென்ஷன் வாங்கப் போகிறவருக்கு அரசாங்கம் கொடுக்கும் வழியனுப்புப் பரிசு என்றுதான் நான் நினைத்திருந்தேன். தேர்வு, தேர்தல் எல்லாம் பேருக்குத்தானே? நீங்கள் அந்தக் கூட்டங்களில் வேலை பார்த்தவர். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மார்ச் 2, இரவு 10.40

இல்லை என்றும் சொல்ல மாட்டேன், ஆமாம் என்றும் சொல்ல மாட்டேன். முதலில் ஒன்று. நான் கோலாலம்பூரில் ஒன்பது வருடம் பார்த்தது கூட்ட ஏற்பாட்டு வேலை. மேசையில் உட்காரும் ஆள் இல்லை. மேசைமேல் நாட்டுப் பெயர்ப் பலகையை வைத்துவிட்டு ஓரமாக நிற்கும் ஆள். மைக் பேசுகிறதா, தாள்கள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா, இந்தியாவுக்குப் பக்கத்தில் ஈரான் அகரவரிசைப்படி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். சாயங்காலம் கூட்டக் குறிப்பை டைப் அடிப்பேன். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

தியோ விஷயத்தில் உங்கள் ஊகம் பொருந்தாது. அவர் இருந்தது மேற்கு, மத்திய பசிபிக் மீன்வள ஆணையம். அலுவலகம் மைக்ரோனேஷியாவில், போன்பேய் தீவில். அங்கே நிர்வாக இயக்குநருக்கு 4 வருடம், மறுபடி ஒரு 4 வருடம் என்று உடன்படிக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் கிடையாது. அவர் இரண்டு தவணையும் முடித்து இறங்கினார். அதற்கு முன்னால் துவாலுவின் தலைமைச் சட்ட அதிகாரி, அப்புறம் ஹோனியாராவில் இருக்கும் பசிபிக் தீவு நாடுகளின் மீன்வள முகமைக்குத் தலைமை இயக்குநர். ஒரு ஆபீஸ் முடித்து அடுத்த ஆபீஸ் என்று வேலை பார்த்த மனிதர். வழியனுப்பி வைக்கப்பட்டவர் மாதிரி தெரியவில்லை.

அவருக்குப் பின் 2023இல் வந்தவர் ரியா மோஸ்-கிறிஸ்டியன், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்தவர். அதே ஆணையத்தின் கூட்டங்களைத் தலைவராக இருந்து நடத்தியவர். இங்கே ஒரு குழப்பம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். தலைவர் வேறு, தலைமை நிர்வாகி வேறு. தலைவர் உறுப்பு நாடுகளில் ஒன்றின் ஆள், கூட்டம் கூடும்போது சுத்தியல் தட்டுபவர். நிர்வாகி வருடம் முழுக்க ஆபீஸ் நடத்திச் சம்பளம் வாங்குபவர். நாம் பேசுவது இந்தச் சம்பளக்காரரைப் பற்றி.

மார்ச் 3, காலை

தூங்கி எழுந்து யோசித்தால், உங்கள் சந்தேகம் பாதி சரி என்றுதான் படுகிறது.

சீஃப்டெக்கை எடுத்துக்கொள்ளுங்கள், தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு மையம். 1967இல் தொடங்கியது, தலைமைச் செயலகம் பாங்காக்கில். அங்கே பொதுச் செயலாளர் தாய்லாந்துக்காரர், துணைப் பொதுச் செயலாளர் ஜப்பான்காரர். 11 நாடு உறுப்பினராக இருந்தாலும் இதுதான் நடப்பு. நம் திரெங்கானுவில், செண்டெரிங்கில் அவர்களுடைய ஒரு பிரிவு இருக்கிறது. அதன் தலைவர் மலேசியர். பிலிப்பைன்ஸில் இருக்கும் பிரிவுக்குப் பிலிப்பைன்ஸ்காரர். இடம் கொடுத்தவன் ஆள் கொடுக்கிறான், காசு கொடுத்தவன் துணையாள் கொடுக்கிறான். கல்யாண மண்டபம் யாருடையதோ அவர் வீட்டுச் சமையல்காரர்தான் என்பது மாதிரி.

அங்கே கவுன்சில் ஒப்புதல் என்று ஒரு கட்டம் உண்டு. கைதட்டுவார்கள். ஆனால் ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது பாங்காக் அரசு அலுவலகத்துக்குள் நடக்கிற காரியம்.

இதற்கு நேர் எதிர் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. ஜாலான் ராஜா லாவுட்டில் இருக்கும் இன்ஃபோஃபிஷ். 1981இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் திட்டமாக ஆரம்பித்து, 1987இல் தனி அரசுகளிடை அமைப்பு ஆனது. மீன் விலை, சந்தை நிலவரம், ஏற்றுமதிக்காரருக்கு ஆலோசனை, இதுதான் அவர்கள் வேலை. வீடு மலேசியாவில்தான். ஆனால் இயக்குநராக இலங்கையைச் சேர்ந்தவர் இருந்திருக்கிறார், பாகிஸ்தானைச் சேர்ந்தவர் இருந்திருக்கிறார், மலேசியரும் இருந்திருக்கிறார்கள். நியமிப்பது உறுப்பு நாடுகள் உட்காரும் ஆளுநர் மன்றம்.

மார்ச் 3, மதியம்

திருத்தம். ராஜா லாவுட் என்று பழைய ஞாபகத்தில் எழுதிவிட்டேன். இன்ஃபோஃபிஷ் இப்போது பூச்சோங்கில், புலாவ் மெராந்தி பக்கம், விஸ்மா எல்கேஐஎம் கட்டடத்தில். ஒருத்தர் உடனே "அண்ணே, அந்தப் பக்கம் கடைசியாக எப்போது போனீர்கள்?" என்று கேட்டுவிட்டார். அது இருக்கும் பல வருடம். ராஜா லாவுட் பக்கம் இருந்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு மஸ்ஜித் இந்தியா வரை நடப்போம், அந்த வாழையிலைதான் மனசில் நிற்கிறது.

மார்ச் 5

"பிடித்தவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது, இதில் என்ன பெரிய முறை?" என்று கேட்டவருக்கு.

அண்டார்டிகா கடல்வளப் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் ஹோபார்ட்டில். பனிக்கடல் மீனும் கிரில் எனும் கூனி இனமும் அவர்கள் பொறுப்பு. நிர்வாகச் செயலாளர் பதவி காலியானால் விளம்பரம் போடுவார்கள். விண்ணப்பங்கள் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் போகும். ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த 10 பேரை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். முதல் ஆளுக்கு 10 புள்ளி, இரண்டாவது ஆளுக்கு 9, அப்படியே இறங்கிப் பத்தாவது ஆளுக்கு 1. கூட்டிப் பார்த்து முதல் 5 பேரைக் கூப்பிட்டு, தூதுக்குழுத் தலைவர்கள் நேர்முகம் பார்க்கிறார்கள்.

இந்தக் கணக்கைக் கையில் போட்டுப் பாருங்கள். 20 நாடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவரை 10 நாடுகள் முதலிடத்தில் போடுகின்றன, மீதி 10 நாடுகள் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அவருக்கு 100 புள்ளி. இன்னொருவரை யாருமே முதலில் போடவில்லை, ஆனால் 20 நாடும் மூன்றாவதாகப் போட்டிருக்கின்றன. அவருக்கு 160. பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர் கீழே நிற்கிறார், எல்லாரும் "இவரா, பரவாயில்லை" என்றவர் மேலே நிற்கிறார்.

நான் ஒன்பது வருடத்தில் கண்டுகொண்டது இதுதான். பிடித்தவரைத் தேடுவதில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லாதவரைத் தேடுகிறார்கள்.

எங்கள் பக்கத்துக் கோயில் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் தேர்வு இப்படித்தான். கெட்டிக்கார ஆடிட்டர் ஒருவர் இருக்கிறார். போன வருடக் கணக்கில் கேள்வி கேட்டவர் என்பதால் ஒரு பக்கம் முகம் சுளிக்கும். கடைசியில் இரண்டு கோஷ்டிக்கும் மாமன் மச்சான் முறையான ஒருவர் வந்து உட்காருவார். கணக்கு என்னவோ ஆடிட்டரிடம்தான் போகும்.

மார்ச் 5, கொஞ்சம் கழித்து

மேலே எழுதியது கிண்டல் மாதிரி ஆகிவிட்டது. கிண்டல் மட்டும் இல்லை. அண்டார்டிகா ஆணையத்தில் முக்கிய முடிவுகள் எல்லாமே ஒருமித்த கருத்தில்தான். ஒரு நாடு கைதூக்கி மறுத்தால் போச்சு. அப்படிப்பட்ட இடத்தில் நாலு நாட்டுக்கு ஆகாத செயலாளர் எத்தனை கெட்டிக்காரராக இருந்து என்ன பயன்? அவர் அனுப்பும் கடிதத்தையே திறக்க மாட்டார்கள்.

தியோவைத் துவாலு நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்ததைப் படித்தீர்களா? 16 உறுப்பினர்கள், போட்டியில்லை. மீன் ஆபீஸ் பழக்கம் கூடவே போயிருக்கிறது.

மார்ச் 6

வாக்குப் பெட்டி பார்த்ததே இல்லையா என்று கேட்டவருக்கு: ஒரே ஒரு தடவை. எந்த அமைப்பு என்று சொல்ல மாட்டேன். அதன் தலைமையகம் இங்கே இல்லை, கூட்டம் மட்டும் கோலாலம்பூர் ஹோட்டலில் நடந்தது.

கடைசியில் இரண்டு வேட்பாளர் நின்றார்கள். ஓட்டுரிமை உள்ள நாடு 12. பெட்டி ஏற்பாடு என் தலையில். ஏ4 தாள் வரும் அட்டைப் பெட்டியில் பிளேடால் ஒரு வாய் கீறி, தீபாவளி ஹேம்பருக்கு வாங்கி மிச்சமிருந்த தங்கநிறக் காகிதத்தைச் சுற்றினேன். நன்றாகத்தான் இருந்தது, ஒரு மூலையில் மட்டும் சின்ன அகல்விளக்குப் படம் தெரிந்தது. அகரவரிசையில் ஒவ்வொரு நாட்டையும் கூப்பிட, கோட்டு போட்ட மனிதர்கள் எழுந்துபோய் மடித்த சீட்டை அகல்விளக்குக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தார்கள்.

எண்ணுவதற்கு இரண்டு நாட்டுப் பிரதிநிதிகள். பிரிக்காமல் முதலில் மடிப்பாகவே எண்ண வேண்டும் என்பது விதி. எண்ணினார்கள். 13.

மறுபடி எண்ணினார்கள். 13.

மண்டபத்தில் ஏர்கான் சத்தம் மட்டும் கேட்டது. தலைவர் அந்தச் சுற்றைச் செல்லாது என்று அறிவித்து, தேநீர் இடைவேளை விட்டார். யார் இரண்டு சீட்டுப் போட்டார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

தேநீர் முடிந்து வந்தால் வேட்பாளர் ஒருவர் விலகிவிட்டார். இன்னொருவரைக் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். விலகியவர் நாட்டில் அடுத்த வருடக் கூட்டம் என்று அன்றைக்கே குறிப்பில் ஏறியது. இரண்டு தூதுக்குழுத் தலைவர்கள் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கறிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே நின்று பேசியதை நான் பார்த்தேன். அதுதான் தேர்தல்.

மார்ச் 9

"இந்தியப் பெருங்கடலுக்கு யார்?" என்று கேட்டிருந்தீர்கள். இது சுவாரசியமான சண்டை.

இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம் செய்செல்ஸில் இருக்கிறது. உடன்படிக்கை 1996இல் அமலுக்கு வந்தது, மலேசியாவும் உறுப்பினர். ஆனால் இது முழுக்கத் தனி அமைப்பு இல்லை, உணவு வேளாண் அமைப்பின் குடைக்குக் கீழே பிறந்தது. அந்த அமைப்பின் சாசனத்தில் 14ஆம் பிரிவு இப்படிக் குழந்தைகளைப் பெற்றுக்கொள்ள வழி செய்கிறது. அதனால் ஆணையச் செயலாளரை நியமிப்பவர் ரோமில் இருக்கும் உணவு வேளாண் அமைப்பின் தலைமை இயக்குநர், ஆணையத்தின் ஒப்புதலோடு.

"நியமிப்பவர்", "ஒப்புதலோடு". இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் சண்டை முழுவதும். ரோம் சொல்வது: அவர் எங்கள் ஊழியர், எங்கள் பணி விதிகளுக்குள் வருகிறவர், அதனால் பொறுக்குவது நாங்கள். உறுப்பு நாடுகள் சொல்வது: சந்தா கட்டுவது நாங்கள், அவர் செய்ய வேண்டிய வேலையைச் சொல்வதும் நாங்கள், பொறுக்கியவரை நீங்கள் நியமித்தால் போதும். 2010களின் நடுவில் இது வெளிப்படையாகவே வெடித்தது. பிறகு இடைக்காலமாக ஒரு சமரசம்: நேர்முகக் குழுவில் ரோம் அதிகாரிகளும் இருப்பார்கள், உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளும் இருப்பார்கள், ரோம் ஒரு பெயரை முன்வைக்கும், ஆணையம் ஏற்க வேண்டும்.

பெண் பார்க்கப் போவது இரண்டு வீட்டாரும், தாலி எடுத்துக் கொடுப்பது ஒரு வீட்டார் என்ற மாதிரி. சரி, இந்த உவமை முழுசாகப் பொருந்தவில்லை. விட்டுவிடுங்கள்.

ரோமில் அந்தத் தலைமை இயக்குநரையே எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் தெரியுமா? அங்கே நிஜ ஓட்டு, நாட்டுக்கு ஒன்று. 2019இல் சீனாவின் சூ டோங்யூ 108, பிரான்ஸ் வேட்பாளர் 71, ஜார்ஜியா வேட்பாளர் 12. முதல் சுற்றிலேயே முடிந்தது. பெரிய வீட்டில் பெட்டி வைத்து ஓட்டு, சின்ன வீட்டில் காப்பிப் பாத்திரம்.

மார்ச் 10

பினாங்கில் இருந்துகொண்டு வேர்ல்ட்ஃபிஷை ஏன் விட்டீர்கள் என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. இப்போது நான் குடியிருப்பது பாயான் லெப்பாஸ். பத்து மாவுங்கில் அவர்கள் வளாகத்தைத் தாண்டித்தான் மீன் வாங்கப் போகிறேன். விட்டதற்குக் காரணம், அது இந்த இனத்தில் சேராது. பிலிப்பைன்ஸில் இருந்து 2000இல் பினாங்குக்கு வந்த ஆராய்ச்சி நிறுவனம் அது. தலைமை இயக்குநரை நியமிப்பது அறங்காவலர் குழு; நாடுகள் வரிசையாக உட்கார்ந்து ஓட்டுப் போடுவதில்லை. விளம்பரம், தேடல், நேர்முகம் என்று ஏறக்குறைய பல்கலைக்கழகத் துணைவேந்தர் தேர்வு மாதிரி.

அந்த வீட்டில் வெளியே பெயர் தெரிந்தவர்கள் தலைமை நாற்காலியில் இருந்தவர்களே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. உலக உணவுப் பரிசு வாங்கிய மொடடுகு விஜய் குப்தாவும் (2005) சகுந்தலா தில்ஸ்டெட்டும் (2021) அங்கே விஞ்ஞானிகள். குளத்தில் மீன் வளர்க்கச் சொல்லிக் கொடுத்தவர் ஒருவர், சின்ன மீனை முழுசாகச் சாப்பிடுங்கள் என்றவர் இன்னொருவர். நெத்திலியைத் தலையோடு வறுத்துத் தின்னும் நமக்கு இரண்டாவது விஷயம் புதிதில்லை.

மார்ச் 13

நேற்றிலிருந்து நோன்பு. பாசாரில் தெங்கிரி (வஞ்சிரம்) விலை கேட்டுவிட்டு கெம்போங் (கானாங்கெளுத்தி) வாங்கி வந்தேன். இன்று எழுத நேரமில்லை.

மார்ச் 16

சென்னையிலிருந்து ஒரு கேள்வி: "எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் இல்லையா?" இருக்கிறதே ஐயா! அபிராமபுரம், செயின்ட் மேரிஸ் சாலை. வங்காள விரிகுடா திட்ட அமைப்பு. 1979இல் உணவு வேளாண் அமைப்பின் திட்டமாகத் தொடங்கியது. அலை அடிக்கும் கரையிலிருந்தே தள்ளிவிடக்கூடிய ஃபைபர் படகுகளுக்காக நிறைய உழைத்தவர்கள். அந்தக் காலத்தில் மலேசியாவும் அதில் இருந்தது. 2003இல் அரசுகளிடை அமைப்பாக மாறியபோது வங்கதேசம், இந்தியா, இலங்கை, மாலத்தீவு என்று நான்கு நாடுகளோடு நின்றுவிட்டது. நாலே பேர் என்பதால் தலைவர் பதவி நாடு மாற்றி நாடு சுற்றும். இயக்குநர் நாற்காலி அப்படிச் சுற்றுவதில்லை. 2003க்குப் பிறகு அதில் நீண்ட காலம் இருந்தவர் இந்தியாவின் யுக்ராஜ் சிங் யாதவா.

ஆக, பூச்சோங்கில் சொந்த வீட்டில் வெளிநாட்டார். சென்னையில் சொந்த வீட்டில் சொந்தக்காரர். பாங்காக்கில் எப்போதும் சொந்தக்காரர். ஒரே கடல், ஒரே மாதிரி ஆபீஸ், பழக்கம் மட்டும் வேறு வேறு.

மார்ச் 20

மார்ச் 5இல் "யாரும் வேண்டாம் என்று சொல்லாதவர்" என்று ஜம்பமாக எழுதினேன். அதற்கும் முன்னால் ஒரு வாசல் இருப்பதை மறந்துவிட்டேன். விளம்பரம்.

உறுப்பு நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற ஒரு வரியில் உலகத்தில் பாதி வெளியே. சில இடங்களில் விண்ணப்பம் அரசாங்கம் வழியாகத்தான் வர வேண்டும். அப்போது அமைச்சகத்தில் ஒருத்தர் கோப்பை மேசைக்கு அடியில் வைத்தாலே போதும், கதை முடிந்தது. மூத்த நிர்வாக அனுபவம் இத்தனை வருடம் என்று போட்டால் கடலுக்குப் போன விஞ்ஞானிகள் உதிர்வார்கள். மீன்வளப் பட்டம் என்று போட்டால் தியோ மாதிரி வழக்கறிஞர்கள் உதிர்வார்கள்.

நான் ஒரு தடவை அப்படி ஒரு விளம்பர வரைவை டைப் அடித்தேன். "அல்லது" என்று இருந்த இடத்தில் "மற்றும்" என்று திருத்தம் வந்தது. பென்சிலில், யார் கையெழுத்து என்று தெரியாமல். பட்டம் அல்லது அனுபவம் என்பது பட்டம் மற்றும் அனுபவம் ஆனது. விண்ணப்பங்கள் வந்தபோது கட்டு பாதியாக இளைத்திருந்தது. இதற்கு யாரும் கைதட்டவில்லை, எந்தக் கூட்டக் குறிப்பிலும் ஏறவில்லை.

அப்புறம் சந்தா பாக்கி. பல அமைப்புகளில் சந்தா கட்டாத நாட்டுக்கு ஓட்டு இல்லை. நான் சொன்ன அந்தக் கூட்டத்தில் மேசையில் 14 பெயர்ப் பலகை, ஓட்டு மட்டும் 12. அந்த இரண்டு பேரும் முன்தினம் பணம் கட்டியிருந்தால் கதையே வேறு. வெள்ளிக்கிழமை வங்கி மூடுவதற்குள் பணம் வந்து சேர்ந்ததா என்று ஒருவர் ஹோட்டல் லாபியில் நடந்துகொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

மார்ச் 20, பிறகு

மாட்ரிட்டில் இருக்கும் அட்லாண்டிக் சூரை ஆணையத்தைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரே வரி: அதன் உடன்படிக்கைப்படி நிர்வாகச் செயலாளர் ஆணையத்தின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார். அப்படியும் மொராக்கோவின் டிரிஸ் மெஸ்கி 2004 முதல் 2018 வரை இருந்தார். விருப்பம் நீண்டுகொண்டே போனது.

மார்ச் 26

நேற்று பங்குனி உத்திரம். கோயிலில் இருக்கும்போது கிள்ளானிலிருந்து போன். என்னோடு அந்த ஹோட்டல் கூட்டத்தில் வேலை பார்த்த அக்கா. நான் எழுதியதை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"ஏன்டா, யார் இரண்டு சீட்டுப் போட்டார்கள் என்று கடைசிவரை தெரியவில்லையா? தங்கக் காகிதம், அகல்விளக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, அது மட்டும் ஞாபகம் இல்லையா உனக்கு?"

சரி, எழுதிவிடுகிறேன்.

அன்று காலை ஏழரைக்கு மண்டபத்தில் நானும் அக்காவும் மட்டும். பிளேடால் கீறிய வாய் குறுகலாக இருக்குமோ என்று சந்தேகம். தாளை நாலாக வெட்டி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து மடித்து உள்ளே விட்டுப் பார்த்தேன். அழகாக விழுந்தது. "சரியாயிருக்கு" என்றேன். அடியை டேப் போட்டு ஒட்டியாகிவிட்டது. எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் மைக்காரர் கூப்பிட்டார்.

13 என்று எண்ணியதும் அக்கா என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன். தலைவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வெற்றுச் சீட்டை வெளியே எடுத்திருந்தால் 12 சரியாக வந்திருக்கும், அங்கேயே பிரித்து எண்ணியிருப்பார்கள். ஒப்பந்த வேலை, அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை.

அந்த நாற்பது நிமிடத் தேநீர் என்னால் வந்தது. காப்பிப் பாத்திரத்துப் பேச்சும் அதனால் வந்தது. விலகியவர் உண்மையில் ஜெயித்திருந்தாரா என்று யாருக்கும் தெரியாது. சீட்டுகளைப் பிரிக்காமலே அழிக்கச் சொன்னார்கள். மத்தியானம் ஹோட்டல் பின்கட்டில் நின்று பதின்மூன்றையும் ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டேன். ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. என்னுடையது எது என்று மட்டும் மடிப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.